கபச் சுரப்பியும் ஒரு துளி நீரும்

வடநாட்டுப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள், மூளையின் அடியில் தொங்கும் பட்டாணியளவுச் சுரப்பி ஒன்றைப் 'பீயூஷ கிரந்தி' என்று படிக்கிறார்கள். பீயூஷம் என்றால் அமுதம். தமிழ்ப் புத்தகங்களிலோ அதற்குக் 'கபச் சுரப்பி' என்ற பெயர் நெடுங்காலம் வழங்கிற்று. கோப்புகளை மொழிபெயர்த்துக் காலங்கழிக்கும் என் போன்ற கலைப் பட்டதாரிக்கு, ஓர் உறுப்பே ஒரு மொழியில் அமுதமாகவும் மற்றொன்றில் சளியாகவும் நிற்பது வியப்பை அளித்தது. தேடிப் பார்த்ததில் பிழை நம்முடையதன்று என்று தெரிந்தது. 'பிட்யூட்டரி' என்பதே சளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்ததாகும்.

மூளையின் கழிவுநீர் இச்சுரப்பியின் வழியே வடிந்து மூக்கில் இறங்குகிறது என்று கேலன் என்னும் பண்டைய கிரேக்க மருத்துவர் எழுதிவைத்தார். உடற்கூற்றியலின் தந்தை எனப்படும் வெசாலியஸ் கூட, 1543-இல் அக்கருத்தையே கைக்கொண்டார். சளி மூக்கின் உட்சவ்விலேயே ஊறுகிறது என்று ஜெர்மானிய அறிஞர் ஷ்னைடர் 1660-களில் நிறுவிய பின்னரே அக்கொள்கை தளர்ந்தது. மூளைக்கும் மூக்குக்கும் நடுவே எலும்பும் சவ்வும் மதிலாக நிற்கின்றன.

அம்மதிலை மருத்துவரே திறக்கும் காலமும் வந்தது. 1907-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக் நகரில் ஷ்லோஃபர் என்பவர் மூக்கின் வழியாகச் சென்று இச்சுரப்பியின் கட்டியை அறுத்தார். நோயாளி மூன்று மாதங்களுக்குள் இறந்தார். 1910-இல் வியன்னாவின் ஹிர்ஷ் நாசித் துளை வழியாகவே எளிதாக உட்புகும் முறையைக் கண்டார். அமெரிக்காவில் குஷிங், 1910 முதல் 1925 வரை, மேலுதட்டின் அடியிலிருந்து மூக்கினூடே சென்று, 231 பேருக்கு இச்சிகிச்சை செய்தார். நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவாகவே மாண்டனர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தோன்றாத அந்நாளில் அது அரிய சாதனை. எனினும் பின்னாளில் அவரே மண்டையோட்டைத் திறக்கும் வழிக்குத் திரும்பிவிட்டார்.

இங்கே அஞ்சத்தக்கது எது? மூளையைச் சூழ்ந்துள்ள நீர் சுமார் 150 மில்லிலிட்டர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் புதிதாக ஊறுகிறது. கட்டியை அகற்றும்போது மேலேயுள்ள மெல்லிய சவ்வு கிழிந்தால் அந்நீர் மூக்கில் கசியும். நீர் வெளியேறும் வழியே கிருமி உட்புகும் வழியுமாகும். மூளை உறையழற்சி கண்டு உயிர் போகலாம். கேலன் கற்பனை செய்த ஒழுக்கு, கத்தியினால் மெய்யாகிவிடுகிறது! அந்நீரோ நிறமற்றது, குருதியோடு கலந்துவிட்டால் கண்ணுக்குப் புலப்படாது.

இத்தகைய ஒழுக்குகளைக் காணச் சாயமே உதவிற்று. பேயர் என்ற ஜெர்மானிய வேதியியலார் 1871-இல் ஆக்கிய ஃப்ளூரசீனை, முதுகுத்தண்டில் ஊசியால் செலுத்தி, மூக்கொழுக்கின் இடத்தைக் கண்டறியும் முறையை 1960-இல் கிர்ஷ்னர், பிரௌட் என்னும் இருவர் வெளியிட்டனர். நீல ஒளியில் நீர் பசுமஞ்சளாக மிளிரும். அளவு மிஞ்சினால் வலிப்பு வரும் என்பதால் எல்லோரும் அதை நாடுவதில்லை.

1990-களில் அகநோக்குக் குழாய் பிட்யூட்டரி சிகிச்சைக்கு வந்தபின், இருண்ட மூலைகளும் கண்முன் விரிந்தன. ஆனாலும் குருதி நிற்கும்வரை காத்திருந்து பார்ப்பதே முதற்சோதனை. பிறகு வல்சால்வாவின் உபாயம். 1704-இல் பொலோனா நகரத்து அப்பேராசிரியர், காதின் சீழை வெளியேற்றுவதற்காக மூச்சை அடக்கி உந்தும் முறையை எழுதினார். இன்றோ மயக்க மருத்துவர் நோயாளியின் நுரையீரலைச் சில விநாடிகள் விரிந்தபடியே நிறுத்துகிறார். தலைக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஒளிந்திருந்த கசிவு துளிர்க்கிறது. வியர்வை போன்ற கசிவா, ஓட்டை தெரியும் பெருக்கா என்று பார்த்தே அடைப்பு முடிவாகிறது: சிறிதாயின் கொழுப்புத் துணுக்கு, பெரிதாயின் மூக்கின் நடுச்சுவரிலிருந்து உயிரோட்டத்தோடு திருப்பப்படும் சவ்வு மடல். ஹிர்ஷ் தம் முதுமையில், 1952-இல், அச்சுவரின் சவ்வைக் கொண்டே ஒழுக்கை அடைத்துக் காட்டியிருந்தார்.

வீடு திரும்பியவர் குனியும்போது மூக்கிலிருந்து தெளிநீர் சொட்டினாலும், தொண்டையில் உப்புக் கரித்தாலும், சாதாரண ஜலதோஷம் என்று இருந்துவிடலாகாது. அத்துளியை ஒரு சிமிழில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதில் உண்டா என்று பார்ப்பார்கள். மூக்குச் சளியில் அப்புரதம் இராது.