சீம்பாலும் உப்புநீரும்

நெடுங்காட்டில் எங்கள் வீட்டு மாடு ஈன்றால், சீம்பால் கன்றின் வயிற்றுக்குப் போவதற்கு முன் தெருவுக்குப் போய்விடும். ஆளுக்கொரு கிண்ணத்தோடு பிள்ளைகள் வந்து நிற்கும். அப்பாயி அந்த மஞ்சள் பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு இட்லிப் பானையில் அவித்து, துண்டு போட்டு வாழையிலையில் வைத்துக் கொடுக்கும். கன்று மட்டும் எட்டத்தில் கட்டிக்கிடக்கும். "நஞ்சுக்கொடி விழுறதுக்கு முன்னாடி ஊட்ட விடக்கூடாது தம்பி. சீம்பால் சாஸ்தியானா கன்னு பீச்சிப்புடும்" என்று அப்பாயி சொல்லும். சில சமயம் நஞ்சுக்கொடி விழ அரை நாளாகும்.

ஊட்ட விடாமலேயே கன்று பீச்சத்தான் செய்தது. நான் எட்டாவது படிக்கும்போது ஒரு உம்பளச்சேரிக் கன்று, செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஆறாம் நாள் வெள்ளையாகக் கழிந்தது. ஊசி போடுகிறவர் வந்து மூன்று நாள் ஊசி போட்டார். கழிகிறது என்று பாலை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினோம். நாலாம் நாள் கண் குழிக்குள் போய், காது சில்லிட்டுச் செத்துப்போனது. உம்பளச்சேரிக் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். அந்தக் கன்று அந்த நிறத்தைப் பார்க்கவே இல்லை.

அது எதனால் செத்தது என்ற கேள்வியைப் பல வருஷம் கழித்துத்தான் படித்துப் பார்த்தேன். பதில் ஒரே இடத்தில் இல்லை. காலரா முகாம், அமெரிக்கப் பண்ணை, டெல்லிப் பிரசவ வார்டு என்று சிதறிக் கிடக்கிறது.

முதலில் கிருமி. 1890களில் டென்மார்க்கின் யென்சன், கன்றுக் கழிச்சலுக்குக் கோலி வகை பாக்டீரியாவைக் காரணம் காட்டினார். காரைக்கால் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த காலத்தில், 1901இல், பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் எட்மோன் நோக்கார் அயர்லாந்துக்குப் போய் அங்கே கன்றுகளைக் கொன்றுகொண்டிருந்த வெள்ளைக் கழிச்சலை ஆராய்ந்தார். தொப்புள்கொடி வழியாகக் கிருமி ஏறுகிறது, அதைச் சுத்தமாகக் கட்டி மருந்து தடவுங்கள் என்றார். இன்றும் கன்று விழுந்ததும் தொப்புளில் அயோடின் தடவச் சொல்கிறார்கள். இதில் அவர் சொன்னது வீண்போகவில்லை.

ஆனால் கழிச்சலின் பெரும்பங்கு பாக்டீரியாவால் வருவதில்லை. 1969இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மீபஸும் சகாக்களும் கழிச்சல் கண்ட கன்றுகளின் சாணத்தில் ஒரு வைரஸைக் கண்டார்கள். நான்கு வருஷம் கழித்து மெல்போர்னில் ரூத் பிஷப், வயிற்றுப்போக்குக் குழந்தைகளின் குடலில் அதே குடும்பத்தைச் சேர்ந்த வைரஸைக் கண்டார். ரோட்டா வைரஸ். 1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில், நோய் எதுவும் காட்டாத பச்சைக் குழந்தைகளிடம் கிடைத்த 116இ என்ற ரகத்தைப் பிரித்துப் பார்த்தால், அது மனித வைரஸ்தான், ஆனால் அதில் ஒரு மரபணு மாட்டுடையது. எந்தத் தொழுவத்திலோ, எந்தத் தாய் மடியிலோ இரண்டும் கலந்திருக்கின்றன. அதிலிருந்து செய்த சொட்டு மருந்துதான் 2015இல் வெளிவந்த ரோட்டாவாக். வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் வழக்கமான ஊசிகளுக்கு அசையாது. எங்கள் கன்றுக்குப் போட்ட மூன்று ஊசியும் இல்லாத எதிரியைச் சுட்டிருக்கலாம்.

அடுத்தது, அப்பாயியின் கிண்ணம். மனுஷக் குழந்தை தாயின் வயிற்றிலேயே நோய் எதிர்ப்புப் பொருளை வாங்கிக்கொள்கிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அதைக் கடத்தாது. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது, எல்லாம் சீம்பாலில்தான் இருக்கிறது. அதை முழுசாக உறிஞ்சும்படி கன்றின் குடல் திறந்திருப்பது ஏறக்குறைய ஒரே நாள், அதிலும் முதல் ஆறு மணிநேரமே பிரதானம். 1922இல் தியோபால்ட் ஸ்மித்தும் ரால்ஃப் லிட்டிலும் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் சில கன்றுகளுக்குச் சீம்பால் கொடுக்காமல் வளர்த்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை செத்தன. சீம்பால் குடித்தவை பிழைத்தன. நூறு வருஷமாக இது தெரிந்த சேதி. எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. சீம்பால் கழிச்சலைக் கொண்டுவரும் என்று அப்பாயி நம்பியது; வராமல் தடுக்கிறதே அதுதான். அப்பாயிமீது கோபம் இல்லை. ஆனால் நாட்டு வழக்கம் என்றாலே புனிதம் என்று பேசும்போது அந்த வாழையிலைத் துண்டு எனக்கு ஞாபகம் வரும்.

அப்புறம் தண்ணீர். கன்றைக் கொல்வது பெரும்பாலும் வற்றிப்போவதுதான். தண்ணீரும் உப்பும் காரமும் வெளியேறி, ரத்தம் புளித்து, இதயம் தடுமாறுகிறது. இருபது கிலோகூட இல்லாத கன்று, கடுமையான கழிச்சலில் ஒரே நாளில் இரண்டு லிட்டர்வரை இழக்கும்.

இதைக் காலராதான் கற்றுக்கொடுத்தது. 1953இல் கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, 186 காலரா நோயாளிகளுக்கு வாய்வழியே குளுக்கோஸ் உப்புநீர் கொடுத்துத் தேற்றியதாக லான்செட் இதழில் எழுதினார். கழிச்சலுக்கு அவர் கூடவே கொடுத்தது கற்பூரவல்லிச் சாறு. ஆம், நம் வீட்டுக் கொல்லையில் சளிக்குப் பறிக்கிற அதே இலை. உலகம் கண்டுகொள்ளவில்லை. 1960இல் ராபர்ட் கிரேன், குடல் சுவரில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்தே உள்ளே போகின்றன என்று விளக்கினார். கழிச்சலிலும் அந்தக் கதவு மூடுவதில்லை. 1971இல் வங்காள அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் சொட்டு ஏற்றும் திரவம் தீர்ந்தபோது, திலீப் மகலனாபிஸ் அந்தக் கதவையே நம்பினார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடாமாவு. பிளாஸ்டிக் பையில் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி, கல்கத்தாவிலிருந்து அனுப்பினார்கள். உறவுக்காரர்களே கரைத்து ஊட்டினார்கள். முப்பது சதவிகிதம்வரை இருந்த சாவு நாலுக்கும் கீழே வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே குளுக்கோஸும் கிளைசினும் உப்பும் சேர்ந்த கரைசல் மேலை நாட்டுக் கன்றுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

இங்கே ஒரு விஷயத்தில் நானே ஏமாந்தேன். அப்பாயி கழிகிற கன்றுக்கு நீராகாரத்தில் வெல்லம் கரைத்து ஊற்றும். ஆஹா, வங்காளத்துக்கு முன்னாலேயே நெடுங்காட்டில் உப்புநீர் என்று எழுதிவிடத் துடித்தேன். மனுஷப் பிள்ளைக்கு அரிசிக் கஞ்சி சரிதான், அதை வைத்தே கரைசல் செய்து சோதித்திருக்கிறார்கள். ஆனால் பச்சைக் கன்றின் குடலில் கரும்புச் சர்க்கரையை உடைக்கும் நொதி இல்லை, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியும் ரொம்பக் கம்மி. வெல்லமும் கஞ்சியும் உள்ளே தங்கி நொதித்துக் கழிச்சலைக் கூட்டும். பால் சர்க்கரையும் குளுக்கோஸும்தான் அதற்கு ஏறும். ஆகவே வீட்டுச் சர்க்கரை வேண்டாம், மருந்துக்கடையில் வாங்குகிற குளுக்கோஸ் பொட்டலம்தான்.

தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பல வருஷம் மரபு மருத்துவத்தை ஒழுங்குபடுத்தினார். தேசிய பால்வள வாரியமும் அதை எடுத்துக்கொண்டது. கழிச்சலுக்கு அவர்கள் முறையில் சீரகம், வெந்தயம், கசகசா, மிளகு, பெருங்காயம், மஞ்சள், வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்து, உப்பில் தொட்டு நாக்கில் தேய்ப்பார்கள். ஊசிச் சீசாக்கள் குறைய இது ஒரு பெரிய காரணமாகலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பிறந்து பத்து நாள்கூட ஆகாத கன்றுக்கு உருண்டை தண்ணீரின் இடத்தைப் பிடிக்க முடியாது. முதலில் தண்ணீர், உருண்டை அப்புறம்.

போன தையில் எங்கள் பசு மறுபடி ஈன்றது. அப்பாயி இப்போது இல்லை. கன்று நிற்பதற்குள்ளேயே அம்மா அதை மடியில் பிடித்து ஊட்டவிட்டார். நஞ்சுக்கொடி விழ மாலையாகிவிட்டது. எட்டாம் நாள் கழிச்சல் வந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் திரும்ப இரண்டு நொடிக்கு மேல் எடுத்தது. பாலை நிறுத்தவில்லை. இரண்டு பாலுக்கு நடுவே, வெதுவெதுப்பான கரைசலை அரை லிட்டர் அரை லிட்டராக, நாளைக்கு நாலு தடவை கொடுத்தோம். கீழே வைக்கோல், மேலே சாக்கு. காய்ச்சலோ ரத்தமோ கண்டால், ஊட்ட மறுத்தால் அன்றைக்கே டாக்டர் என்று பேசிவைத்தோம். அப்போது கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கும், அதற்கு ஊசி வேண்டும், சொட்டும் ஏற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாம் நாள் காலை சாணம் கெட்டியாக விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் கிண்ணத்தோடு நின்றது. "சீம்பால் ஒரு வாய்கூடக் கெடைக்கலியே இந்தத் தடவ" என்றது. அம்மா கன்றைக் காட்டினார்.