விசுவாச ஊழிய மரபும் நிறைவேறாத ஜெபங்களும்

1695-இல் ஜெர்மனியின் ஹாலே நகரை ஒட்டிய கிளவுஹாவில் போதகராக இருந்த அவுகுஸ்ட் ஹெர்மான் ஃபிராங்கேயின் காணிக்கைப் பெட்டியில் ஒருவர் 4 தாலர் 16 குரோஷன் போட்டுவிட்டுப் போனார். அதை முதலாக வைத்து அவர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1698-இல் பெரிய அனாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். பணம் தீர்ந்த வேளைகளில் உதவி எப்படி வந்தது என்பதை எழுதி அச்சிட்டும் வெளியிட்டார். ஹாலேயில் மருந்துச் சாலையும் அச்சகமும் நடந்தன, அரசின் சலுகைகளும் இருந்தன. ஆகவே ஃபிராங்கேயின் நம்பிக்கையைக் கைகட்டி உட்கார்ந்திருந்த நம்பிக்கை என்று சொல்ல முடியாது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரிகள் சீகன்பால்குவும் புளூட்சோவும் இந்த ஹாலே வட்டத்தில் பயின்றவர்கள்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே ஹாலேயில் படித்த ஜார்ஜ் முல்லர், மாணவராக இருந்தபோது ஃபிராங்கேயின் இல்லத்திலேயே சில காலம் வாடகையின்றித் தங்கியிருந்தார். இங்கிலாந்தில் குடியேறி, 1830-இல் போதகர் சம்பளத்தை விட்டார். 1836-இல் பிரிஸ்டலில் அனாதை இல்லம் திறந்தார். எந்த மனிதரிடமும் பணம் கேட்பதில்லை, தேவையை வெளியே சொல்வதுமில்லை, ஜெபம் ஒன்றே வழி என்று ஏற்பாடு செய்துகொண்டார். பிள்ளைகளைக் காப்பது அவருக்கு இரண்டாவது நோக்கமே. கடவுள் இன்றும் ஜெபத்தைக் கேட்கிறார் என்பதற்குக் கண்கண்ட சான்று வேண்டும் என்பதே முதல் நோக்கம் என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் வாழ்நாளில் அந்த இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் 10,000-க்கும் மேல்.

பிரசங்க மேடைகளில் முல்லர் என்றால் இல்லத்து வாசலில் பழுதாகி நின்ற பால்வண்டியின் பால் பசித்த பிள்ளைகளுக்குக் கிடைத்த கதைதான் முதலில் வரும். அவருடைய சொந்தக் குறிப்புகளைப் படிப்பவருக்கு வேறொன்றும் தெரியும். 1838 செப்டம்பரில் கையில் காசில்லாத நிலை நாட்கணக்கில் நீடித்தது. கடைசியில் வந்த தொகையை லண்டனிலிருந்து கொண்டுவந்திருந்த பெண், அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே இல்லத்துக்கு அடுத்த வீட்டில்தான் தங்கியிருந்தார். பணம் பக்கத்திலேயே இருக்க, கடவுள் காக்க வைத்தார் என்று முல்லர் வியந்து எழுதினார்.

அவரிடம் ஒரு நெருடலும் இருந்தது. ஆண்டறிக்கை அச்சிட்டால் அதைப் படிப்பவர்கள் பணம் அனுப்புவார்கள். அப்படியானால் அறிக்கையே மறைமுகமான கோரிக்கை ஆகிவிடாதா? 1841 டிசம்பரில் கையிருப்பு வற்றிய நேரத்தில் அவர் வழக்கமான பொதுக்கூட்டத்தையும் அறிக்கையையும் வேண்டுமென்றே தள்ளிப்போட்டார். தொடர்ந்து வந்த மாதங்கள் மிகக் கடினமாக இருந்தன. முல்லரின் நேர்மைக்கு, வந்து சேர்ந்த எந்தக் காணிக்கையையும்விட இந்தத் தாமதமே வலுவான சான்று.

ஆனால் வந்து சேர்ந்த உதவிகளை மட்டும் கோத்தால் இந்த மரபின் பாதி வரலாறு விடுபட்டுப்போகும். முல்லரின் மைத்துனர் ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸ் எக்ஸிட்டரில் பல் மருத்துவர். சேமிப்பை விட்டுக் கடவுளை நம்பும்படி 1825-இல் சிறுநூல் எழுதி, தாமும் தொழிலை உதறிவிட்டு 1829-இல் குடும்பத்துடன் பாக்தாத் போனார். 1831-இல் அங்கே கொள்ளைநோயும் டைகிரிஸ் வெள்ளமும் முற்றுகையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. ஊரை விட்டுப் போகாமல் தங்கிய குரோவ்ஸ் மனைவியை இழந்தார், அதே ஆண்டில் கைக்குழந்தையையும் இழந்தார். அந்த நாட்களில் எழுதிய நாட்குறிப்பையும் அவர் மறைக்கவில்லை, அது நூலாக வந்தது. பின்னர் இந்தியா வந்து சித்தூரில் குடியேறியபோதும் தொழில் முயற்சிகள் கைகொடுக்காமல் பணக்கஷ்டம் பட்டார். 1853-இல் பிரிஸ்டலில் முல்லரின் வீட்டில் இறந்தார்.

குரோவ்ஸிடமிருந்து இந்த வழி திருநெல்வேலிச் சீமைக்கு வந்தது. அங்கே மிஷனரியாக இருந்த ரேனியஸிடம் படித்த ஜான் கிறிஸ்டியான் அருளப்பனுக்குக் குரோவ்ஸ் நிலையான சம்பளம் தர முன்வந்தார். அருளப்பன் மறுத்துவிட்டார். கூலிக்குப் பிரசங்கம் செய்கிறவன் என்று ஜனங்கள் தன்னைச் சொல்வார்கள் என்பது அவர் சொன்ன காரணம். முல்லர் ஐரோப்பிய அவநம்பிக்கைக்குப் பதில் சொல்ல விரும்பினார் என்றால், அருளப்பன் தன் ஊர்க்காரர்களின் வாய்ச்சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வத்திராயிருப்புப் பக்கம் அவர் உருவாக்கிய கிறிஸ்டியான்பேட்டையில் 1860-இல் பெரும் எழுப்புதல் நடந்தது. இந்த வரலாற்றில் மேலைப் பெயர்களுக்கு நடுவே அவர் இன்னும் உரிய இடம் பெறவில்லை.

ஹட்சன் டெய்லர் 1865-இல் தொடங்கிய சீன உள்நாட்டு மிஷன் இதே கொள்கையை ஓர் அமைப்பின் சட்டமாக்கியது. கடன் இல்லை, உறுதியான சம்பளம் இல்லை, நேரடிக் கோரிக்கையும் இல்லை. முல்லர் அதன் முக்கியமான ஆதரவாளர். பணம் வந்தது. ஆனால் 1867-இல் டெய்லரின் மகள் கிரேஸி இறந்தாள், 1870-இல் மனைவி மரியா இறந்தார். 1900-இல் சீனாவில் வெளிநாட்டவருக்கு எதிராக எழுந்த பாக்ஸர் கலவரத்தில் அந்த மிஷனின் 58 பெரியவர்களும் 21 பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். சீன அரசிடம் கிடைக்கவிருந்த இழப்பீட்டை மிஷன் வாங்க மறுத்தது. காப்பாற்றப்படாதவர்களின் பெயரால் பணம் வாங்குவதில்லை என்ற அந்த முடிவும் விசுவாசத்தின் ஒரு செயல்தான்.

அதே மிஷனில் சேர விண்ணப்பித்து, உடல்நலக் குறைவால் மறுக்கப்பட்டவர் ஏமி கார்மைக்கேல். 1895-இல் இந்தியா வந்தார். 1901 முதல் டோனாவூரில், கோயில்களுக்கு ஒப்படைக்கப்படவிருந்த பெண்குழந்தைகளுக்கு வீடானார். அவரும் யாரிடமும் பணம் கேட்கவில்லை. வலதுகையாக இருந்த பொன்னம்மாள் 1915-இல் புற்றுநோயால் இறந்தார். 1931-இல் ஒரு குழியில் தவறி விழுந்த கார்மைக்கேல், 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார்.

நோயாளிகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1933-இல் நூலாயின. சுகமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் நூல்கள் மனதைத் தொடுவதில்லை, வலியில் கிடப்பவரே வலியில் கிடப்பவருக்கு எழுத வேண்டும் என்பது அவர் எண்ணம். ஃபிராங்கே தொடங்கிய வகையில் கிடைத்தவற்றின் கணக்கு எழுதப்பட்டது. டோனாவூரின் படுக்கையறையிலிருந்து, சுகம் கிடைக்காதபோதும் ஜெபத்தை விடாத ஒருவரின் கணக்கு எழுதப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் தமிழ் ஆய்வுகள் இனி வர வேண்டும், குறிப்பாக அருளப்பனை நடுவில் வைத்து.