கிருமியும் அது குடிபுகும் உடலும்

தொற்றுநோய்களுக்குக் காரணம் கிருமிகளே என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைநாட்டப்பெற்ற உண்மையாகும். ஆயின், கிருமியைக் கண்டமாத்திரத்தே நோயின் இயல்பு முற்றும் விளங்கிவிடவில்லை. கிருமிக்கும் அதற்கு விருந்துவழங்கியாகிய உடலுக்குமுள்ள தொடர்பினை ஆராயும் உயர்கல்வி, இக்குறையினை நிறைவுசெய்யும் முயற்சியாகவே தோன்றியதெனலாம்.

1884 ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் லோவ்லர் தொண்டைக்கரப்பன் நோயின் கிருமியைப் பிரித்து வளர்த்துக் காட்டினார். அவராய்வில் இரு புதிர்கள் எஞ்சின. கிருமி புகுந்த இடத்திலேயே தங்கியிருக்க, தொலைவிலுள்ள உறுப்புகள் சிதைவது எவ்வாறு? நோயற்ற பிள்ளையொன்றிடத்தும் அக்கிருமி காணப்பட்டது ஏன்?

முதற் புதிரை 1888 இல் பாரிசில் ரூ என்பாரும், இருபத்தைந்து வயதினரான யேர்சினும் விடுவித்தனர். கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவமே விலங்குகளைக் கொன்றது. அழிவு செய்தது கிருமி சுரந்த நஞ்சு என்பது புலனாயிற்று.

உடலும் வாளாவிருப்பதில்லை. 1882 இல் மெசினா நகரில் உடுமீனின் குடம்பியுள் முள்ளைச் செருகிய மெச்னிக்கோவ், அலைந்து திரியும் கலங்கள் அதனைச் சூழ்ந்து நிற்பதைக் கண்டார். 1888 இல் திறக்கப்பெற்ற பாஸ்ரர் நிலையத்தில் அவரும் இடம்பெற்றார். அங்கு 1889 இல் ரூ தொடங்கிய நுண்ணுயிரியற் பாடநெறியில், பட்டம்பெற்ற மருத்துவர் பலர் மீண்டும் மாணவராயினர். உருப்பெருக்கியையும் வளர்ப்பூடகத்தையும் தம் கையாலே கையாண்டு கற்றனர். அழற்சி பற்றி மெச்னிக்கோவ் அங்கு நிகழ்த்திய விரிவுரைகள் 1892 இல் நூலாக வெளிவந்தன.

பேர்லினில் பேரிங்கும் கிற்றசாற்றோவும் 1890 இல் வேறொரு காவலைக் கண்டனர். நஞ்சை முறிக்கும் பொருள் குருதிநீரிலே உண்டாகின்றது என்பதே அது. காப்பது கலமா, குருதிநீரா என்ற வாதம் நெடுங்காலம் நிகழ்ந்தது. 1908 ஆம் ஆண்டு நோபல் பரிசு கலத்தின் சார்பினரான மெச்னிக்கோவுக்கும் குருதிநீரின் சார்பினரான ஏர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இரண்டும் காவலே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

வாதம் முடியுமுன்னரே பயன் கைகூடிற்று. 1894 இல் ரூ, குதிரையின் குருதிநீரைப் பாரிசுக் குழந்தைகளுக்கு ஏற்றினார். அதற்குமுன் அம்மருத்துவமனையில் இந்நோயுற்றோருள் ஏறக்குறைய இருவருக்கு ஒருவர் இறந்தனர். பின்னர் அது நால்வருக்கு ஒருவராகக் குறைந்தது.

இரண்டாம் புதிரின் ஒரு பகுதி 1951 இலேயே அவிழ்ந்தது. நஞ்சற்ற கிருமியும் வைரசொன்று தொற்றியதும் நஞ்சு சுரக்கும் ஆற்றல் பெறுகின்றதென விக்டர் பிறீமன் காட்டினார். கிருமியே பிறிதொன்றுக்கு விருந்துவழங்கியாயிற்று!

கிருமியை மட்டும் கற்றோர் நோயின் பெயரை அறிந்தனர். கிருமியையும் உடலையும் ஒருங்கு கற்றோரே குழந்தைகளைக் காத்தனர். உயர்கல்வியை நாடும் மாணவர் உளங்கொள்ளத்தக்கது இதுவே.