ரத்தப் புற்றுநோய் ஸ்டெம் செல்களின் மருந்து எதிர்ப்பு

சிகிச்சையில் பெரும்பாலான புற்றுச் செல்கள் அழிந்த பின்னும், எலும்பு மஜ்ஜையில் எஞ்சும் புற்று ஸ்டெம் செல்கள் மருந்துக்கு மடியாமல் தப்பும் இயல்பே மருந்து எதிர்ப்பு. நோய் திரும்புவதற்கு இது முக்கியக் காரணம். கடும் மைலாய்டு ரத்தப் புற்றில் நோயைத் தோற்றுவிக்கும் இத்தகைய செல்கள் இருப்பதை, 1994இல் டொராண்டோவில் ஜான் டிக் குழுவினர் புற்றுச் செல்களை எலிகளில் செலுத்திக் காட்டினர்.

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்று இதற்குத் தெளிவான சான்று. இந்நோயை இயக்கும் பிசிஆர்-ஏபிஎல் புரதத்தை முடக்கும் இமாடினிப் என்ற மருந்து, 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வேகமாகப் பெருகும் செல்கள் அதற்கு மடிகின்றன. பிளவுறாமல் உறங்கும் ஸ்டெம் செல்களோ அப்புரதத்தின் செயல்பாட்டைச் சாராமல், மஜ்ஜைச் சூழலின் துணையோடு பிழைக்கின்றன. எதிர்ப்புக்கு வேறொரு வழியும் உண்டு: டி315ஐ எனும் மரபணு மாற்றம் கொண்ட செல்களில் இமாடினிப் அப்புரதத்தோடு பிணைய முடிவதில்லை. அவற்றுக்குப் பொனாடினிப் என்ற மருந்து பயன்படுகிறது. நோயின் தடயமே தெரியாத நிலையில் மருந்தை நிறுத்தினாலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. ஆகவே மருந்தை நிறுத்தியவர்களுக்குத் தொடர் ரத்தப் பரிசோதனை இன்றியமையாதது.