நூல் யாருடையது? சங்கரன்கோவில் விசைத்தறியும் இரு அரசியல் கொள்கைகளும்

தாராளவாதத்தையும் சமதர்மத்தையும் ஒப்பிடும் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் நின்றுவிடுகின்றன: அரசு எவ்வளவு, சந்தை எவ்வளவு? தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலின் விசைத்தறிக் கூடங்களில் இந்தக் கேள்வி அதிகம் உதவாது என்பது இக்கட்டுரையின் வாதம். கூலிக்கு நெய்யும் கூடத்தில் பாவும் ஊடையும் ஒருவருடையவை, தறி இன்னொருவருடையது, தறியை ஓட்டும் உழைப்பு மூன்றாமவருடையது. இம்மூவருக்குமிடையே கூலி எப்படி முடிவாகிறது, முடிவானது எப்படி நிறைவேறுகிறது என்பதை விளக்க முடியாத கொள்கை எதுவானாலும் இவ்வூருக்கு அது முழுமையற்றதே.

சங்கரன்கோவில் அடங்கிய திருநெல்வேலிச் சீமை இந்த விவாதத்துக்குப் புதியதன்று. 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். அதன் மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். ஏகபோகமாகக் கடலை ஆண்ட வெள்ளையர் கம்பெனியை எதிர்த்துத் தொழில் நடத்தும் உரிமையை அவர் கோரினார். தாராளவாதத்தின் அடிப்படை உரிமை அது. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவரும் அவரே. கம்பெனி நடத்துவதும் வேலைநிறுத்தம் நடத்துவதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை. ஒருவர் மட்டுமே நிபந்தனை விதிக்கும் நிலையை இரண்டு இடங்களிலும் அவர் எதிர்த்தார். அந்த வரலாற்றைத் தியாகக் கதையாக மட்டும் படித்துவிட்டு, அதிலுள்ள அரசியல் சிந்தனையை நாம் கவனிக்காமல் விட்டது பெரிய இழப்பு.

சென்னையில் நடந்தது வேறு. பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைப் போராட்டத்தையொட்டி, ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டினார் என்று சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவர் பி.பி.வாடியா மீது அந்த ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தனித்தனித் தொழிலாளி நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் புனிதமானது என்றும், சங்கமாகக் கூடிப் பேரம் பேசுவது அதைக் கெடுக்கும் செயல் என்றும் அன்றைய சட்டம் பார்த்தது. தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு 1926ஆம் ஆண்டில்தான் வந்தது. ஆனால் தாராளவாதத்தின் முகம் இது மட்டுமன்று. ஜான் ஸ்டூவர்ட் மில் தம் அரசியல் பொருளாதார நூலின் பிற்பதிப்புகளில் தொழிலாளர் கூட்டுறவை மனமார வரவேற்றவர்.

நெசவைப் பொறுத்தவரை நம்மிடம் உள்ள மிகச் சிறந்த சான்று ராஜாஜி. 1952இல் சென்னை மாநில முதலமைச்சரானதும் உணவுக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் அவர் நீக்கினார். அதே ஆட்சிக்காலத்தில், வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசை வற்புறுத்தினார். முழு ஒதுக்கீடு கிடைக்கவில்லை. மில்கள் நெய்யும் வேட்டியின் அளவு முன்பிருந்ததில் 60 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 1955இல் ஆவடி காங்கிரஸ் சமதர்ம பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. 1959இல் ராஜாஜி சுதந்திரா கட்சியைத் தொடங்கி, பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அந்தப் பாதையைக் கண்டித்தார். நெசவாளருக்கு மட்டும் ஒதுக்கீடு கேட்டவர் பிறகு கோட்டாவை எதிர்த்தது முரண்பாடு என்பவர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மில்லுக்கு எதிரில் நிற்கும் நெசவாளி சமமான போட்டியாளர் அல்லர் என்பதை அவர் கண்டிருந்தார். அவர் கண்ட நோய் சரி; மருந்துதான் போதவில்லை. அது துணியின் வகைக்குக் காவல் போட்டது, நெய்பவருக்குப் போடவில்லை.

அந்த இடைவெளியில்தான் விசைத்தறி வளர்ந்தது. மில்லுக்குத் தடை, கைத்தறிக்கு வேகம் இல்லை. அதே சேலையையும் துண்டையும் சிறு கூடத்தில் மின்சாரத்தால் நெய்ய முடிந்தது. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. 1993இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை உறுதி செய்தது. பின்னர் வகைகள் 11 ஆகச் சுருங்கின. சட்டம் தறியின் வகையைப் பார்த்துக்கொண்டிருக்க, கைத்தறிக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் விசைத்தறிக்கு மாறிவிட்டனர்.

சமதர்மப் பார்வைக்கு இங்கே வலுவான ஆதாரம் உண்டு. ‘மூலதனம்’ முதல் தொகுதியில் துண்டுக்கூலி பற்றிய அத்தியாயத்தில், அந்தக் கூலிமுறை இடைத்தரகருக்கு எப்படி இடம் தருகிறது என்பதை மார்க்ஸ் 1867இலேயே விளக்கிவிட்டார். சங்கரன்கோவிலில் கூலிக்கு நெய்யும் சிறு உரிமையாளர் அந்த இடத்தில்தான் நிற்கிறார். ஆனால் அவரை முதலாளி என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்தால் ஆய்வு தவறிவிடும். 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகளை நிறுத்திப் போராடியவர்கள் உரிமையாளர்களே. முந்தைய ஆண்டு ஒப்புக்கொண்ட கூலி உயர்வை, நூல் கொடுக்கும் ஜவுளி உற்பத்தியாளர்கள் தரவில்லை என்பது அவர்களின் புகார். உடைமை இருந்தும் பேர வலிமை இல்லாத இந்த மனிதருக்கு இரு கொள்கைகளிலும் உரிய இடம் இல்லை.

கொள்கைகள் எதிரெதிராக நின்றாலும் நடைமுறையில் ஒரே திசையில் தள்ளுவதையும் இங்கே காணலாம். விசைத்தறிக்கு இலவச மின்சாரம் 2006இல் இரு மாதத்துக்கு 500 யூனிட், 2016இல் 750, 2023இல் 1,000 என உயர்ந்தது. நல்ல எண்ணத்தில் பிறந்த நலத்திட்டம்தான். ஆனால் இணைப்புக்கு இவ்வளவு என்று அளக்கும் சலுகை, கூடம் சிறிதாக இருப்பதற்குப் பரிசாகிறது. மின்செலவு குறையும்போது, நூல் கொடுப்பவர் கூலி உயர்வைத் தள்ளிப்போடவும் வழி கிடைக்கிறது. மறுபுறம், மின்விசை உள்ள இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பொதுவாகப் பொருந்தியது. 2020இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எல்லையை இருபதாக்கியது. சிறுதொழிலுக்குச் சுதந்திரம் என்பது தாராளவாத நியாயம். நலத்திட்டமும் விதிவிலக்கும் சேர்ந்து கூடங்களைச் சிறியனவாகவே வைத்திருக்கின்றன. சிதறிக் கிடக்கும் தொழிலாளர் ஒன்றுகூடிப் பேசுவது கடினமாகிறது.

நூல் கொடுப்பவரின் தரப்பையும் சொல்ல வேண்டும். நூல் விலை ஏறி இறங்கும் நட்டமும் விற்காத சரக்கின் சுமையும் அவர் தலையில்தான். சங்கரன்கோவிலில் மட்டும் கூலி உயர்ந்தால் ஆர்டர் மற்ற விசைத்தறி ஊர்களான பிவண்டிக்கோ இச்சல்கரஞ்சிக்கோ போய்விடும் என்ற அவரது அச்சம் பொய்யன்று. ஆகவே ஓர் ஊருக்கு மட்டும் ஒப்பந்தம் போடுவது போதாது என்ற முடிவுக்கு அந்த வாதம் நம்மை இட்டுச்செல்கிறது. ஒப்பந்தமே வேண்டாம் என்ற முடிவுக்கு அன்று.

ஒப்புக்கொண்டதை நிறைவேற்று என்பது தாராளவாதத்தின் முதல் விதி. தனியே நிற்பவரைச் சேர்ந்து பேச விடு என்பது சமதர்மத்தின் முதல் விதி. இரண்டையும் மதிப்பவர்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தொழிலாளி, தறி உரிமையாளர், நூல் கொடுப்பவர் மூவரும் கையெழுத்திடும் கூலி ஒப்பந்தம் மாநிலம் முழுவதற்கும் வேண்டும். நூல் கொடுப்பவரையும் சட்டத்தால் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக அது இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு அதற்கான சட்டத்தை இயற்ற வேண்டும்.