உணவும் உழைப்பும்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டுத் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நாம், வரும்போது எவற்றைக் கொண்டுவந்தோம் என்று எண்ணிப் பார்த்தால், முதலில் நினைவுக்கு வருவன மொழியும் வழிபாடும் உணவுமே. பிள்ளைகள் தமிழெழுத்தை மறந்த வீடுகளிலும் சோறும் சாம்பாரும் ரசமும் மோரும் மறக்கப்படுவதில்லை. புழுங்கலரிசி எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்பதைப் புதிதாக வந்தவருக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால், ஊரில் அவ்வுணவோடு பிரியாது சேர்ந்திருந்த ஒன்றை நாம் கொண்டுவரவில்லை. அஃது உடலுழைப்பு. நம் பாட்டனார் விடியலில் நீராகாரம் அருந்திவிட்டு வயலுக்கு நடந்தார். பாட்டியார் கிணற்றில் நீர் இறைத்தார், உரலில் நெல் குத்தினார், ஆட்டுக்கல்லில் மாவரைத்தார். அவர்கள் உண்ட சோற்றின் அளவு அவ்வுழைப்புக்கு ஏற்ற அளவாகும். அளவு நம்மோடு ரயிலேறி வந்தது. உழைப்பு ஊரிலேயே தங்கிவிட்டது.

இப்பிரிவினால் விளைந்தது யாது என்பதை அறிஞர்கள் எவ்வாறு படிப்படியாகக் கண்டறிந்தனர் என்னும் வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம். அவ்வரலாற்றின் சிறந்த பகுதிகள் சில நம் நாட்டு மண்ணிலேயே நிகழ்ந்தவை என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

உணவில் அளவு வேண்டும் என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. திருக்குறளின் 95ஆவது அதிகாரம் ‘மருந்து’ எனப் பெயர் பெற்றது. பெயர் மருந்தாயினும், அவ்வதிகாரத்தின் பெரும்பகுதி பசித்தபின் அளவறிந்து உண்ணுதலைப் பற்றியே பேசுகின்றது. எனினும், ஒருவர்க்குரிய அளவு அவர் செய்யும் தொழிலைப் பொறுத்து எவ்வாறு வேறுபடும் என்பதை ஆராய்ந்து காண நெடுங்காலம் ஆயிற்று. 1700ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ராமசீனி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நாள் முழுதும் உட்கார்ந்து வேலை செய்யும் தையற்காரரும் செருப்புத் தைப்போரும் அதனாலேயே நலிவுறுகின்றனர் என்று கண்ட அவர், விடுமுறை நாளிலாவது உடற்பயிற்சி செய்யுமாறு அவர்களுக்கு அறிவுரை கூறினார். அக்கால மருத்துவ உலகம் அவ்வறிவுரைக்குப் பெரிதும் செவிசாய்க்கவில்லை.

நம் நாட்டில் உணவாராய்ச்சி தோன்றிய இடம் நீலகிரியிலுள்ள குன்னூர். 1918ஆம் ஆண்டில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர், அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். பின்னர் அவர், இந்தியாவின் பல்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமைச் சப்பாத்தியும் பாலும் பருப்பும் காய்கறியும் சேர்ந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. சென்னை மாகாணத்தின் அரிசியுணவை உண்டவை வளர்ச்சியில் கடைசியில் நின்றன. தவிடு நீங்கத் தீட்டிப் பலமுறை கழுவிய அரிசியில் உயிர்ச்சத்துகள் குறைந்துபோவதும், ஏழை மக்களின் உணவில் பாலும் காய்கறியும் அருகியிருந்ததும் இதற்குக் காரணங்களாம். மக்காரிசனுக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்து விவரங்களைத் தொகுத்து 1937இல் வெளியிட்டார். அது பஞ்சமும் பற்றாக்குறையும் மிகுந்திருந்த காலம். உணவு போதவில்லை என்பதே அன்றைய அறிஞர்களின் கவலையாக இருந்தது. அக்குன்னூர் நிலையம் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது. நம்மைப் போலவே அதுவும் தமிழகத்தை விட்டு வேறு மாநிலத்தில் குடியேறிய ஒன்று எனலாம்.

உணவு போதாமையிலிருந்து உழைப்புப் போதாமைக்கு ஆராய்ச்சியைத் திருப்பிய ஆய்வுகளுள் ஒன்று வங்காளத்தில் நிகழ்ந்தது. ஹவுரா மாவட்டத்தில் செங்கைல் என்னும் ஊரில் சணல் ஆலை ஒன்று இருந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜீன் மேயரும், பூர்ணிமா ராய், காமாக்கிய பிரசாத் மித்ரா ஆகியோரும் அவ்வாலையைச் சார்ந்த 213 ஆண்களின் உணவையும் எடையையும் ஆராய்ந்து 1956இல் முடிவுகளை வெளியிட்டனர். மூட்டை சுமப்போர், கரி அள்ளுவோர், நெசவாளர், குமாஸ்தாக்கள், கடை வைத்திருப்போர் என எல்லாரும் அவ்வாய்வில் இடம்பெற்றனர். கடினமாக உழைப்போர் மிகுதியாக உண்டனர். அதனினும் இலேசாக உழைப்போர் குறைவாக உண்டனர். இதில் வியப்பில்லை. ஆனால், ஏறத்தாழ உழைப்பே இன்றி உட்கார்ந்திருந்த கடைக்காரர்களும் மேற்பார்வையாளர்களும், உழைப்புக் குறைந்ததற்கேற்ப உணவைக் குறைத்துக்கொள்ளவில்லை. மூட்டை சுமப்பவர்க்கு நிகராக அவர்கள் உண்டனர். எடையிலும் அவர்களே மிகுந்திருந்தனர். உழைக்கும் உடலுக்குத் தனக்கு வேண்டிய அளவு இயல்பாகத் தெரிகின்றது. உழைப்பு ஒரு வரம்பிற்குக் கீழே இறங்கிவிட்டால் பசி நமக்குச் சரியான வழிகாட்டியாக இருப்பதில்லை. அச்சணல் ஆலை உணர்த்திய உண்மை இதுவே.

இதே காலத்தில் லண்டன் மாநகரில் ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் மாரடைப்பைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்நகரின் பொதுப் போக்குவரத்தில் பணியாற்றிய, 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 31,000 ஆண்களின் விவரங்களை அவர் திரட்டினார். அந்நகரின் பஸ்கள் இரண்டு அடுக்குகள் கொண்டவை. டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார்; கண்டக்டரோ நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறி இறங்குவார். இருவரும் ஒரே நிறுவனத்தின் ஊழியர். ஒரே வகைக் குடும்பங்களிலிருந்து வந்தோர். 1953இல் வெளிவந்த முடிவின்படி, ஓராண்டில் ஆயிரம் டிரைவர்களுள் 2.7 பேர்க்கு இதயநோய் ஏற்பட்டது, கண்டக்டர்களுள் 1.9 பேர்க்கே ஏற்பட்டது. நடந்து கடிதம் வழங்கும் தபால்காரரை மேசையருகே அமர்ந்து பணிபுரிவோருடன் ஒப்பிட்டபோதும் இத்தகைய வேறுபாடே காணப்பட்டது.

உடல் பருத்தவர்களே டிரைவர் வேலையை நாடியிருக்கலாகாதா என்று சிலர் தடை எழுப்பினர். அது நியாயமான ஐயமே. சீருடைக் கணக்கிலிருந்து காற்சட்டைகளின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தபோது, டிரைவர்களின் இடுப்பு பெருத்திருந்தது உண்மையென்றே 1956இல் தெரியவந்தது. எனவே மாரிஸ், மேசை வேலையே செய்யும் சுமார் 17,000 அரசு அலுவலரை எடுத்துக்கொண்டு, அவர்களின் ஓய்வு நேரத்தை ஆராய்ந்தார். ஓய்வு நேரத்தில் விரைந்த உடற்பயிற்சி செய்தவர்களிடையே இதயநோய் மற்றவர்களைவிட மிகக் குறைவாக இருந்ததென 1973இல் அறிவித்தார். அலுவலகத்தில் உட்கார்ந்தே பணியாற்றுபவரும் தம் ஓய்வு நேரத்தால் இழப்பை ஈடுசெய்யலாம் என்பது இதனால் விளங்கிற்று. நாள்தோறும் பயிற்சி செய்யும் வழக்கமுடைய மாரிஸ், 2009இல் தம் 99ஆம் வயதில் காலமானார்.

வெளிமாநிலத் தமிழர் சிறப்பாகக் கருதத்தக்க ஆய்வொன்று 1967இல் வெளிவந்தது. ரயில்வே மருத்துவர் எஸ். எல். மல்ஹோத்ரா, நாடெங்குமுள்ள ரயில்வே ஊழியரின் மரணக் கணக்குகளை ஒப்பிட்டார். நெய்யும் பாலும் மிகுதியாக உண்ட பஞ்சாபியரைவிடக் கொழுப்பைக் குறைவாக உண்ட தென்னிந்தியரிடையே இதயநோயால் இறந்தோர் விகிதம் ஏறத்தாழ 7 மடங்காக இருந்தது. மரணக் கணக்கை மட்டும் கொண்டு காரணத்தை முடிவு செய்தல் இயலாது. நெய் உண்பது நலம் என்றோ சோறு நஞ்சென்றோ இதிலிருந்து கொள்ளுதல் தவறாகும். ஏதேனும் ஓர் உணவுப்பொருளின் மீது பழி சுமத்திவிட்டு அமைதி கொள்ளலாகாது என்பதையே நாம் இதிலிருந்து கொள்ளவேண்டும்.

அவ்வாறாயின், ஊர்மாற்றம் ஒருவரின் உடலில் செய்வது என்ன? இக்கேள்விக்கு நேரடியாக விடை தேடிய ஆய்வு 2005 முதல் 2007 வரை லக்னோ, நாகபுரி, ஹைதராபாத், பெங்களூர் ஆகிய நகரங்களின் தொழிற்சாலைகளில் நடைபெற்றது. கிராமத்திலிருந்து வந்து நகரில் வேலை பார்ப்பவரையும், கிராமத்திலேயே தங்கிவிட்ட அவருடைய உடன்பிறந்தாரையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே அடுப்பில் வெந்ததை உண்டு வளர்ந்தோர் அவர்கள். ஆண்களுள் மிகையான எடையுடையோர் கிராமத்தில் நூற்றுக்கு 19 பேர். நகருக்கு வந்தவருள் ஏறத்தாழ 38 பேர். நீரிழிவுடையோர் கிராமத்தில் நூற்றுக்கு 6 பேர்; நகருக்கு வந்தவருள் 14 பேர். 2010இல் வெளிவந்த இக்கணக்கைப் படிக்கும்போது, ஊரில் தங்கிவிட்ட நம் தமையனாரையோ தங்கையையோ நினையாதிருத்தல் அரிது. குடும்பம் ஒன்றாயினும் வாழும் முறை வேறாகும்போது நோயும் வேறுபடுகின்றது.

இதனால் கிராமத்து வாழ்வே நலமானது என்று கனவு காண்பதற்கில்லை. அங்கே மெலிந்திருந்தோர் பலர் வறுமையினால் மெலிந்தோர். நம்மிடையேயும் கட்டட வேலையிலும் மூட்டை சுமத்தலிலும் உடல் தேய உழைக்கும் தமிழர் பலர் உளர். அவர்களுக்கு வேண்டுவன சத்துள்ள உணவும் ஓய்வுமேயாம். இங்கு நாம் கூறுவது, நாற்காலியில் அமர்ந்து பிழைக்கும் நம் போன்றோரைப் பற்றியது.

இழந்ததை மீட்க இயலுமா? இயலும் என்பதற்குத் தமிழகமே சான்று தந்திருக்கின்றது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். அவர்கள் பெரும்பாலும் நடுத்தர வயதுடையோர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோருள் மூன்றாண்டுக் கணக்கில் நூற்றுக்கு 55 பேர்க்கு நீரிழிவு வந்தது. நாள்தோறும் அரைமணி நேரமாவது நடக்குமாறும், சர்க்கரையையும் மாவுப் பொருளையும் கொழுப்பையும் குறைக்குமாறும் தொடர்ந்து வழிகாட்டப் பெற்றோருள் அது 39 ஆகக் குறைந்தது. மருந்து உட்கொண்டோர்க்கும் ஏறக்குறைய அதே பயனே கிட்டிற்று. நடந்தோரின் எடை பெரிதாகக் குறையவில்லை. எனினும் நோய் குறைந்தது. தராசின் முள் அசையவில்லையே என்று மனந்தளர்ந்து நடையை நிறுத்திவிடுவோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

2023இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவுடையோர் சுமார் 10 கோடிப் பேர் என்றும், அதன் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கு மேற்பட்டோர் என்றும் கணித்தது. வடக்கே வந்த நம்மவர் பலர், இரவில் சோற்றை நீக்கிச் சப்பாத்தி உண்பதே இதற்குப் போதிய தற்காப்பு என்று கருதுகின்றனர். 2025இல் வெளியான மற்றொரு பேராய்வு, தீட்டிய அரிசியை நீக்கிக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ அதே அளவில் உண்பதால் மட்டும் அபாயம் குறைந்ததாகக் காணப்படவில்லை என்கிறது. மாவுச்சத்தின் மொத்த அளவைச் சிறிது குறைத்து, அவ்விடத்தில் பருப்பு, பால் போன்ற புரதவுணவைச் சேர்ப்பதே பயன் தருவதாம். குன்னூரில் பிறந்த அதே நிறுவனம், ஹைதராபாத்திலிருந்து 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாளைய கலோரியில் நூற்றுக்கு 45 பங்குக்கு மேல் தானியத்திலிருந்து வரலாகாது என்று கூறுகின்றது.

இவற்றை நம் சமையற்கட்டின் மொழியில் சொல்வதாயின், சோற்றைத் துறக்கவேண்டுவதில்லை. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, கூட்டையும் பொரியலையும் சுண்டலையும் மோரையும் கூட்டிக்கொண்டால் போதும். அவையும் நம் பாட்டியார் கொடுத்துவிட்டுப் போனவையே.

உழைப்பைப் பொறுத்தவரை, வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கமும், இரண்டு நாளாவது தசைக்கு வலிமை தரும் பயிற்சியும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் கூறிற்று. ஒரே மூச்சில் அரைமணி நடக்க இயலாதவர் நாள் முழுதும் சிறிது சிறிதாக நடந்தாலும் பயனுண்டு என்றும் அது தெளிவாக்கிற்று. முன்னரே இதயநோயோ நீரிழிவோ உடையவர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குதல் நலம்.

தில்லியின் மார்கழிக் குளிரும் மும்பையின் ஆனிமழையும் நடைக்குத் தடையென்று நாம் சொல்லுவதுண்டு. லண்டன் கண்டக்டர்கள் ஏறிய படிகள் கூரையின் கீழ் இருந்தவையே. நாம் குடியிருக்கும் கட்டடத்திலும் படிகள் உள்ளன. நாளை காலை மின்தூக்கியை விட்டுப் படிகளில் இறங்கத் தொடங்குவோம். ஊருக்குத் திரும்பும் விடுமுறையில், வயல்வரப்பில் தமையனாரோடு மூச்சிரைக்காமல் நடந்து செல்லும் உடல் நமக்கு வாய்க்குமாயின், இத்தனை அறிஞர்களின் உழைப்பும் நம்மளவில் பயன்பெற்றதாகும்.