துருயிதரும் உயிர்க்கொள்கையும்

உயிர் அழிவற்றது, ஓருடல் நீங்கிப் பிறிதோருடல் புகும் என்னுங் கொள்கை பாரத நாட்டிற்கே உரியதன்று. மேனாட்டிற் பண்டு வாழ்ந்த கெல்த்தியர்தம் குருமாராகிய துருயிதரும் அதனையே ஓதினர் என்று நம்மவருட் சிலர் மேடைகளிற் கூறி மகிழ்வர். அவர் காட்டும் தலைச்சான்று, உரோமைத் தளபதியாகிய யூலிய சீசர் தம் காலியப் போர்க்குறிப்பின் ஆறாம் புத்தகத்தில் வரைந்த ஒரு சிறு பகுதியேயாம். அது யாது கூறுகின்றது, யாது கூறாதொழிகின்றது என்று நோக்காது அதன்மேல் மாளிகை எடுத்தல் தக்கதன்று. ஆதலின் துருயிதர் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கெல்த்தியர் என்பார் இற்றைப் பிரஞ்சு நாடாகிய காலியாவினும் பிரித்தானியத் தீவினும் அயர்லாந்தினும் குடிகுடியாய்ப் பரந்து வாழ்ந்த மக்கள். காலியாவில் மதிப்புடையோர் இரு வகுப்பார்; குதிரைவீரர் ஒருசார், துருயிதர் ஒருசார். துருயிதர்க்கு வரியுமில்லை, போர்க்கடமையுமில்லை. வேள்வி நடத்துதல், வழக்குத் தீர்த்தல், இளைஞர்க்கு ஓதுவித்தல் என்பன அவர் தொழில். ஆண்டுதோறும் கார்னூத்தர் நாட்டிலே ஒரு புனிதவிடத்திற் கூடி வழக்குக் கேட்பர். தீர்ப்புக்கு அடங்காதானை வேள்வியினின்று விலக்குவர். விலக்குண்டவனோடு உரையாடுவாருமில்லை, அவன் முறையிடினுங் கேட்பாருமில்லை. வாளேந்தாதார் கையில் இத்துணை வலிமை இருந்தமை வியக்கற்பாலது.

இனி அவர் கல்விமுறை. சிலர் 20 ஆண்டு வரை ஆசிரியர்பால் தங்கிச் செய்யுட்களை நெட்டுருச் செய்தனர் என்பர் சீசர். பிற கணக்குகளுக்குக் கிரேக்க எழுத்தை வழங்கியும், மறைப்பொருளை மட்டும் எழுத்திலிட ஒருப்படார். பொதுமக்களிடையே அது பரவுதல் கூடாதென்பது ஒரு காரணம். ஏட்டை நம்பி மாணாக்கர் நினைவாற்றலை நெகிழவிடுவர் என்பது மற்றொன்று. நிகண்டு முழுதும் நாவில் நின்ற பின்னரே உரையேட்டைக் கையில் வாங்கப்பெற்ற எம்போன்றார்க்கு இவ்விரண்டாங் காரணம் நன்கு விளங்கும். நம் நாட்டிலும் மறையை எழுதாக்கிளவி என வழங்கினர். ஆயின் ஈண்டு ஓதுவார் தொடர்ச்சி அறாது நின்றது, ஆண்டு அறுந்தது. துருயிதர் ஓதிய செய்யுட்களுள் ஓரடியேனும் இன்று நமக்குக் கிட்டவில்லை. அவரைப்பற்றிய பழஞ்செய்தியுட் பெரும்பகுதி அயலாராகிய கிரேக்கரும் உரோமரும் எழுதியதே என்பதை மறத்தலாகாது.

வானநூலில் அவர் வல்லுநர் என்பதற்கு மட்டும் வேறொரு துணை உண்டு. 1897இல் பிரஞ்சு நாட்டுக் கொலிஞி என்னுமூரில் வெண்கலப் பலகைத் துண்டுகள் பல அகப்பட்டன. அவை காலிய மொழியில் இலத்தீன் எழுத்தாற் பொறிக்கப்பட்ட ஐந்தாண்டுப் பஞ்சாங்கமாம். மிகைமாதம் இரண்டு சேர 62 மாதங்கள். ஒவ்வொரு மாதமும் இரு பக்கமாய்ப் பகுக்கப்பட்டது. பிறையின் ஆறாம் நாளே அவர்க்கு மாதத் தொடக்கம் என்றும், அந்நாளில் வெள்ளாடை உடுத்த துருயிதன் ஓக்கு மரமேறிப் புல்லுருவியைப் பொன்னரிவாளால் அரிய, இரண்டு வெள்ளேறுகள் பலியாயின என்றும் பிளினி உரைப்பர்.

உயிர்க்கொள்கைக்கு வருவாம். உயிர்கள் அழியா, இறந்தபின் ஒருவரினின்று மற்றொருவர்பாற் செல்கின்றன. இதனால் மரண அச்சம் நீங்கி மறம் மிகும் என்று அவர் கற்பித்தனர் என்பதே சீசர் கூற்று. தியோதோரர் என்னும் கிரேக்கர், இது பித்தாகொரர் கொள்கையே என்றும், உயிர் சில ஆண்டு கழித்து வேறுடல் புகும் என்றும் எழுதினர். இம்மட்டில் மறுபிறப்பென்றே கொள்ளத் தோன்றும். ஆயின் அத் தியோதோரரே, ஈமத்தீயில் உறவினர் திருமுகங்களை இட்டனர், இறந்தவர் அவற்றைப் படிப்பரென்று கருதினர் என்கின்றார். வலேரியசு மாக்சிமசு என்பாரோ, மறுவுலகிற் பெற்றுக்கொள்வதாகக் கடன் கொடுக்கும் வழக்கம் காலியரிடம் இருந்தது என்பர். கடன்பட்டான் வேறுடல் புகுந்து முன்னை நினைவின்றிப் பிறப்பானாயின், கொடுத்தவன் அவனை எங்ஙனம் அடையாளங் காண்பன்? திருமுகம் எழுதினார்க்கும் இவ்வினா ஒக்கும். லூக்கன் என்னும் புலவரும் அவ்வுயிரே வேறோர் உலகில் உடலை ஆளும் என்பதாகவே பாடினர். ஆகவே, இறந்தார் தம் பெயரும் உறவும் மாறாது வேறோர் உலகில் வாழ்வர் என்பதே இப்பிற்சான்றுகளின் கிடக்கை. பித்தாகொரரைக் கற்ற கிரேக்கர், தாமறிந்த கொள்கையையே அயலாரிடத்துங் கண்டனர் போலும். அன்றியும், செய்த வினைக்கீடாகப் பிறவி வரும் என்னும் சொல் இவருள் ஒருவர் வாயினும் வந்திலது. வினையை ஒழித்து மறுபிறப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் நம் சமயத்தார் என்றல், ஆணியில்லாத் தேரை ஓட்டுவதனோடொக்கும். 'துருயித்' என்னும் பெயரின் ஈறு வடமொழி 'வித்' என்பதனோடு ஓரினத்தது என்பது உண்மையே. அதுகொண்டு மொழியுறவு கூறலாம், சமயவுறவு கூறலாகாது.

அவர் நரபலியிட்டனர் என்னும் குற்றச்சாட்டை இக்கொள்கை பேசுவார் மறைத்தொழிவர். யாம் மறையேம். கோரைபோல் முடைந்த பெரும்பாவையுள் மனிதரை அடைத்து எரித்தனர் என்பர் சீசர். அதனை உரைத்தவர் அந்நாட்டைக் கி.மு. 58 முதல் எட்டாண்டு பொருது அடிமைப்படுத்தியவர் என்பதையும் உடனெண்ணல் வேண்டும். உரோமர்தாமும் கி.மு. 216இல் காலியர் இருவரையும் கிரேக்கர் இருவரையும் தம் நகரச் சந்தையில் உயிரோடு புதைத்தனர். நரபலியை அவர்தம் பேரவை விலக்கியது கி.மு. 97இல்தான்.

அகஸ்தசு, திபேரியசு, கிளாதியசு என்னும் பேரரசர் மூவரும் ஒருவர்பின் ஒருவராய்த் துருயித நெறியை ஒடுக்கினர். கி.பி. 60ஐ ஒட்டிச் சுவேத்தோனியசு பவுலினசு என்னும் உரோமத் தளபதி மோனா என்னும் தீவின்மேற் படையெடுத்தான். கரையிற் கரிய உடையும் விரித்த கூந்தலுமாய்ப் பெண்டிர் தீவட்டியேந்தி ஓடவும், துருயிதர் இருகையும் வானோக்கி உயர்த்துச் சாபமிடவும், வீரர் அஞ்சி மரம்போல் நின்றனர் என்று தாசித்தசு எழுதுகின்றார். பின்னர்த் தெளிந்து வெட்டினர். அவர்தம் புனிதச் சோலைகளையும் அழித்தனர். அயர்லாந்தில் உரோமர் ஆட்சி செல்லாமையின், துருயிதர் ஆண்டுக் கிறித்துவம் வேரூன்றுங்காறும் இருந்தனர்.

மோனா இன்று ஆங்கிள்சி எனப்படும். 1942–43இல் ஆங்கு விமானத்தளம் அமைக்கச் சேறு தோண்டியபோது, ஒரு சிற்றேரியிலிருந்து வாளும் ஈட்டியும் தேருறுப்பும் அடிமைகளின் கழுத்துச் சங்கிலியும் வெளிப்பட்டன. யாவும் தெய்வத்திற்குக் காணிக்கையாக நீரில் இடப்பட்டவை. சங்கிலியின் தொன்மையை உணராத வேலையாட்கள், சேற்றிற் புதைந்த லாரிகளை அதனாற் கட்டி இழுத்தனர். ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் அஃது அறவில்லை.